ஆடுகளமும் கணக்குப் புத்தகமும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



நியூயார்க் நகரத்தில், மன்ஹாட்டன் தீவின் மேற்குப் பக்கம், 49-ஆம் தெருவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. பேரு 'பிசினஸ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் ஸ்கூல்'. நம்ம மொழியில் விளையாட்டு வணிகப் பள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். 2009-ல் தொடங்கினார்கள். அரசுப் பள்ளி, அதனால் கட்டணம் கிடையாது. 9-ஆம் வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்பு வரை. படிக்கிறவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளும், இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும்தான்.

விளையாட்டுப் பள்ளி என்றதும் ஓட்டம், பந்து, உடற்பயிற்சி என்றுதான் நமக்குத் தோணும். அங்கே அது பாடம் இல்லை. ஒரு அணி எப்படிப் பணம் சம்பாதிக்கிறது, சீட்டுக்கு யார் விலை வைக்கிறார்கள், தொலைக்காட்சிக்காரன் எதற்காகக் காசு கொடுக்கிறான், ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது, லாப நட்டக் கணக்கை எப்படிப் படிப்பது, ஒரு பொருளை எப்படி விளம்பரம் செய்வது, சொந்தமாக ஒரு தொழிலை எப்படித் தொடங்குவது - அந்த மாதிரிப் படிப்பு. கூடவே மற்ற அரசுப் பள்ளிகளில் உள்ள கணிதம், அறிவியல், வரலாறு, ஆங்கிலம், மாநிலத் தேர்வுகள் எல்லாம் உண்டு. இந்த வகைப் பள்ளிகளை அங்கே 'தொழில் மற்றும் தொழில்நுட்பக் கல்வி'ப் பள்ளி என்கிறார்கள். மாநிலம் ஒப்புதல் தந்த தொழில் பாடத்திட்டத்தை முடித்து, அதற்கான தேர்விலும் தேறினால், பட்டயத்தில் அதைத் தனியாகக் குறித்துத் தருவார்கள்.

அந்தப் பள்ளியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'பாஸ்' என்று வரும். அவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இந்த 'பாஸ்' என்கிற சொல் டச்சு மொழியிலிருந்து அமெரிக்காவுக்குள் வந்தது. அங்கே அதற்கு அர்த்தம் எஜமான். 'மாஸ்டர்' என்பது கறுப்பு அடிமை தன் ஆண்டையைக் கூப்பிடுகிற வார்த்தையாக இருந்ததால், கூலிக்கு வேலை செய்த வெள்ளைக்காரன் அதைச் சொல்லக் கூசினான். அதே பொருளுள்ள டச்சுச் சொல்லை எடுத்துக்கொண்டான். அடிமையோட வார்த்தையை என் வாயில் வைக்காதே என்று தள்ளிவிட்டு எடுத்த சொல், இன்றைக்கு அடிமைகளின் பேரப்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்குப் பேராக இருக்கிறது. இதில் மகிழ்ச்சி அடைவதா, சந்தேகப்படுவதா? இந்த உரை முழுக்க அந்தக் கேள்விதான்.

முதலில் சந்தேகத்தைப் பேசிவிடுவோம்.

'தொழிற்கல்வி' என்று காதில் விழுந்தாலே நமக்கு உடம்பு ஒரு தடவை சிலிர்க்கும். சிலிர்க்கணும். 1953-ல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். செருப்புத் தைக்கிறவன் மகன் செருப்புத் தைக்கணும், துணி வெளுக்கிறவன் மகன் வெளுக்கணும். அதைக் குலக்கல்வி என்று பேர் சொல்லி எதிர்த்தார் பெரியார். 1954-ல் காமராசர் முதலமைச்சராக வந்த பிறகு அது கைவிடப்பட்டது. 2023-ல் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் என்று கொண்டுவந்தபோதும் தமிழ்நாட்டில் அதே பயம் திரும்பிவந்தது. ஆக, நம்ம பிள்ளைக்குத் தொழில் சொல்லித் தர்றேன் என்று எவன் வந்தாலும், எந்தத் தொழில், யார் பிள்ளைக்கு, பிள்ளை அதிலிருந்து வெளியே போகக் கதவு இருக்கா என்று கேட்காமல் விடக் கூடாது.

அமெரிக்கக் கறுப்பர்களுக்கும் இதே வழக்கு நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881-ல் அலபாமாவில் டஸ்கெகி பள்ளிக்குப் பொறுப்பேற்றார். செங்கல் அறுப்பது, தச்சு, விவசாயம், தையல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். மாணவர்கள் தாங்கள் அறுத்த செங்கல்லால் தங்கள் பள்ளிக் கட்டடத்தையே கட்டினார்கள். அது சின்ன காரியம் இல்லை. ஆனால் 1895-ல் அட்லாண்டாவில் பேசும்போது, சமூக சமத்துவத்துக்காக இப்போது கிளர்ச்சி வேண்டாம், முதலில் கைத்தொழிலில் காலூன்றுவோம் என்கிற பொருளில் பேசினார். வெள்ளை முதலாளிகள் கைதட்டினார்கள், பணமும் கொடுத்தார்கள். டு பாய்ஸ் 1903-ல் இதை எதிர்த்து எழுதினார். வாக்குரிமையையும் சமத்துவத்தையும் உயர்கல்வியையும் விட்டுக்கொடுத்து வாங்கும் தொழில் கல்வி, கறுப்பனை என்றைக்கும் கீழேயே நிறுத்தும் என்பது அவர் வாதம். 1946-ல் அம்பேத்கர் கடிதம் எழுதிய அதே டு பாய்ஸ்தான். 1917-ல் தொழிற்கல்விக்கென்று நாடு முழுக்க மத்திய அரசின் பணம் கொடுக்கும் சட்டம் வந்தது. தென் மாநிலங்களில் அந்தப் பணத்தில் கறுப்புப் பள்ளிக்குக் கிடைத்த பங்கும் குறைவு, கிடைத்த தொழிலும் சமையல், துவைத்தல், வயல் வேலை என்று எஜமான் வீட்டுக்கு வேண்டியதாகவே இருந்தது. டு பாய்ஸ் பயந்தது நடந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்த 49-ஆம் தெருப் பள்ளியை ஏன் உங்கள் முன்னால் வைக்கிறேன்? ஏனென்றால் அங்கே கற்றுத் தருவது எஜமானுக்கு வேண்டிய கைவேலை இல்லை, எஜமான் இத்தனை காலம் பெட்டியில் பூட்டி வைத்திருந்த கணக்கு. அந்த வித்தியாசத்தை விளையாட்டு வரலாற்றை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

அதே 49-ஆம் தெருவில், பள்ளிக்குக் கொஞ்ச தூரத்தில், எட்டாவது அவென்யூவில் 1925-லிருந்து 1968 வரை மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்கிற பெரிய அரங்கம் இருந்தது. குத்துச்சண்டைக்குப் பேர்போன இடம். அங்கே ஜோ லூயிஸ் சண்டை போட்டார். அலபாமாவில் குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளை, 12 வருஷம் உலக சாம்பியன். 1942 ஜனவரியில் ஒரு சண்டை, மார்ச்சில் இன்னொரு சண்டை. முதல் சண்டையில் தனக்கு வந்த பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்கும், அடுத்ததில் வந்ததைத் தரைப்படை நிவாரண நிதிக்கும் கொடுத்துவிட்டார். பிறகு பட்டாளத்திலும் சேர்ந்தார். சண்டை போட்டு ஓய்ந்த பிறகு வருமான வரிக்காரன் வந்து நின்றான். வட்டியும் அபராதமும் ஏறி ஏறி, கடன் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தக் கடனை அடைக்க, தளர்ந்த உடம்போடு மறுபடி மேடையேறினார். மல்யுத்தக் காட்சியில்கூட ஆடினார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் வருகிறவர்களுக்குக் கைகொடுத்து வரவேற்கிற வேலை.

அவர் கைமுட்டியில் வந்த பணம் எவ்வளவு? மேலாளருக்கு எவ்வளவு போனது, ஏற்பாடு செய்தவனுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு? உலகத்தையே கீழே தள்ளிய அந்த மனிதர் கையில் அந்தக் கணக்கு இல்லை. அரங்கம் இருந்த அதே தெருவில் இன்றைக்குப் பதினாலு வயசு கறுப்புப் பொண்ணு உட்கார்ந்து, வரவு எது, செலவு எது, வரி எது என்று படிக்கிறாள். நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

அடுத்து பேஸ்பால். 1947 ஏப்ரல் 15, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடினார், நிறத்தடை உடைந்தது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். உண்மைதான், பெரிய காரியம்தான். அதற்கு இன்னொரு பக்கம் இருக்கு. வெள்ளை அணிகள் கதவைச் சாத்திய காலத்தில் கறுப்பர்கள் தங்களுக்கென்று அணிகளும் போட்டித் தொடர்களும் வைத்திருந்தார்கள். 1920-ல் ரூப் ஃபாஸ்டர் என்கிற கறுப்பர் நீக்ரோ தேசிய லீகைத் தொடங்கினார். அணி முதலாளிகள் பலர், மேலாளர், நடுவர், சீட்டு விற்கிறவர், விளம்பரம் போடுகிற பத்திரிகைக்காரர் என்று ஒரு தொழிலே கறுப்பர் கையில் இருந்தது. ராபின்சன் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியிலிருந்து எடுக்கப்பட்டவர். அந்த அணிக்கு டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி ஒரு காசு கொடுக்கவில்லை. எழுத்தில் சரியான ஒப்பந்தம் இல்லை, அதனால் கொடுக்க வேண்டியதில்லை என்றார்கள்.

நியூவார்க் ஈகிள்ஸ் என்று ஒரு அணி. 1946-ல் நீக்ரோ லீக் உலகத் தொடரை வென்ற அணி. கணவரோடு சேர்ந்து அதை நடத்தியவர் எஃபா மேன்லி என்கிற பெண். பயண ஏற்பாடு, சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அவர் கையில். அவர் அணியின் டான் நியூகோம்பையும் ரிக்கி சும்மாவே எடுத்துக்கொண்டார். மேன்லி விடவில்லை. ஆட்டக்காரனை எடுத்தால் அணிக்குப் பணம் கொடு என்று பொதுவில் சண்டை போட்டார். 1947 ஜூலையில் லாரி டோபியை கிளீவ்லாந்து அணி கேட்டபோது 15,000 டாலர் வாங்கினார். வெள்ளைக்கார ஆட்டக்காரனுக்குக் கொடுக்கும் விலையோடு பார்த்தால் அது சொற்பம். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. கணக்குத் தெரிந்த ஒருத்தி இருந்ததால் அந்த ஒன்றாவது கிடைத்தது. 2006-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள், அந்த மண்டபத்தில் முதல் பெண் அவர்தான். அதற்கு ரொம்ப முன்னாலேயே, 1948-லேயே அணி விற்கப்பட்டுவிட்டது. நீக்ரோ தேசிய லீகும் அந்த வருஷத்தோடு முடிந்தது.

என்ன நடந்தது பாருங்க. ஆட்டக்காரனின் உடம்பை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டான். மேலாளரை, கணக்கரை, முதலாளியை வெளியே விட்டான். கதவு உடம்பு நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. பெரிய லீகில் முதல் கறுப்பு மேலாளர் ஃபிராங்க் ராபின்சன், 1975-ல். ஜாக்கி ராபின்சன் ஆடத் தொடங்கி 28 வருஷம் கழித்து. ஜாக்கி அதைப் பார்க்கவில்லை. 1972 அக்டோபரில் உலகத் தொடர் மேடையில் அவரைக் கௌரவித்தபோது, ஒரு கறுப்பர் அணியை நடத்துவதைப் பார்த்தால்தான் எனக்கு மகிழ்ச்சி என்ற பொருளில் பேசிவிட்டு இறங்கினார். ஒன்பது நாளில் இறந்துபோனார். 1987-ல், அவர் ஆடத் தொடங்கிய 40-ஆம் ஆண்டை ஒட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அதே டாட்ஜர்ஸ் நிர்வாகி அல் காம்பனிஸ், மேலாளர் வேலைக்கு வேண்டிய சில தகுதிகள் கறுப்பர்களுக்கு இல்லாமல் இருக்கலாம் என்றார். வேலை போனது. ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்னதை வாய்விட்டுச் சொல்லாமல் நம்பியவர்கள் எத்தனை பேர்?

இன்றைக்கும் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஆடுகிறவர்களில் பத்தில் ஏழு பேருக்குக் குறையாமல் கறுப்பர்கள். பெரும்பங்கு உரிமையுள்ள முதல் கறுப்பு முதலாளி ராபர்ட் ஜான்சனுக்கு அணி கொடுக்கப்பட்டது 2002-ல். பிறகு அதே சார்லட் அணியை 2010-ல் மைக்கேல் ஜோர்டன் வாங்கினார், 2023-ல் தன் பெரும்பங்கை விற்றுவிட்டார். அமெரிக்கக் கால்பந்து லீகில் ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள், 32 அணிகள், இதுவரை ஒரு அணிக்குக்கூட ஒரு கறுப்பர் பெரும்பங்கு முதலாளியாக இருந்ததில்லை.

கல்லூரி விளையாட்டு இதைவிட மோசம். கல்லூரிக் கால்பந்து, கூடைப்பந்து இரண்டும் கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழில். பல மாநிலங்களில் ஆளுநரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் கல்லூரி அணியின் பயிற்சியாளர்தான். ஆடுகிற பிள்ளைக்கு மட்டும் கூலி கிடையாது, நீ மாணவன், பொழுதுபோக்கு ஆட்டக்காரன் என்றார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, கல்விச் சலுகைகளுக்குப் போட்ட வரம்பு செல்லாது என்றது. அந்த ஆண்டு ஜூலையிலிருந்து தன் பேரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க மாணவர்களுக்கு அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆனது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். நல்லதுதான். ஆனால் 18 வயசுப் பிள்ளை கையில் ஒப்பந்தத்தைக் கொடுத்து கையெழுத்துப் போடு என்கிறான். படித்துப் பார்க்கத் தெரியணும் இல்லையா? எத்தனை வருஷத்துக்கு முகத்தை எழுதிக் கொடுக்கிறோம், தரகன் பங்கு எவ்வளவு, வரி யார் தலையில் - இதை எந்தப் பள்ளி சொல்லிக் கொடுக்கும்?

இன்னொரு உண்மையையும் சொல்லணும். கறுப்புக் குடியிருப்பில் ஒவ்வொரு பையனும் கூடைப்பந்து நட்சத்திரம் ஆகப்போறேன் என்கிறான். என்.பி.ஏ.வில் 30 அணிகள், அணிக்கு 15 பேர், மொத்தம் 450 இடம். கல்லூரியில் ஆடுகிறவர்களிலேயே நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் கருப்புக் கையுறை அணிந்து முஷ்டி உயர்த்தினார்களே, அந்தப் போராட்டத்துக்குப் பின்னால் நின்ற சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸ், விளையாட்டு ஒன்றையே நம்பிப் படிப்பை விட்டுவிடாதே என்று கறுப்பு இளைஞர்களிடம் பல காலம் சொல்லிவந்தார். 450 பேர் ஆடுவதற்குச் சுற்றிலும் பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். வழக்கறிஞர், கணக்கர், ஒளிபரப்புக்காரர், மருத்துவர், காப்பீட்டுக்காரர், அரங்கத்தைப் பராமரிக்கிறவர், சட்டை விற்கிறவர். என்.பி.ஏ. 2025-26 பருவத்திலிருந்து 11 வருஷத்துக்குச் செய்திருக்கிற ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 7,600 கோடி டாலர் அளவு. அந்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்கு என்று தொழிற்சங்க ஒப்பந்தம். இதில் 'வருமானம்' என்றால் எதெல்லாம் சேரும், எது சேராது என்பதுதான் முதலாளிக்கும் சங்கத்துக்கும் நடக்கிற சண்டை. சண்டை ஆடுகளத்தில் நடக்கவில்லை, கணக்கில் நடக்கிறது.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: "அப்போ நாமளும் முதலாளி ஆகணும்னு சொல்றீங்களா? கறுப்பு முதலாளி, தலித் முதலாளி வந்துட்டா விடுதலையா?" நியாயமான கேள்வி. பதிலுக்கு இரண்டு பேரைச் சொல்றேன். ஒருவர் கர்ட் ஃபிளட், கறுப்பு பேஸ்பால் ஆட்டக்காரர். 1969-ல் அவரைக் கேட்காமலே அவர் அணி வேறொரு அணிக்கு மாற்றிவிட்டது. அன்றைய விதி அப்படி, ஆட்டக்காரன் அணியின் சொத்து. வருஷம் 90,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவர், என்னை வாங்கி விற்க நான் பொருள் இல்லை என்று லீகின் ஆணையருக்கு எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1972-ல் 5-க்கு 3 என்று தோற்றது. அவர் ஆட்ட வாழ்க்கையும் போனது. ஆனால் 1975-ல் அந்த விதி நடுவர் தீர்ப்பில் உடைந்தது. இன்னொருவர் மார்வின் மில்லர். எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார வல்லுநராக இருந்தவர், 1966-ல் பேஸ்பால் ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைமையேற்றார். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டாலர், 1968 ஒப்பந்தத்தில் 10,000 ஆனது. ஃபிளட்டின் மானமும் மில்லரின் கணக்கும் சேர்ந்துதான் அந்தக் கொத்தடிமை விதியை முறித்தன. கணக்குப் படிப்பு முதலாளிக்கு மட்டும் சொந்தமான வித்தை என்று யார் சொன்னது? சங்கம் கட்டுகிறவனுக்குத்தான் அது முதலில் வேணும்.

நம்ம பக்கமும் ஒரு உதாரணம் உண்டு. பல்வங்கர் பாலு, சாமர் சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு ஆடுகளம் உருட்டுகிற வேலை. அவர் பந்து இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகு இந்து கிளப் சேர்த்துக்கொண்டது. களத்தில் பந்தைத் தொடலாம், தேநீர் நேரத்தில் வெளியே, மண் குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அணித் தலைவர் யாரு? பாட்டியாலா மகாராஜா. பாலுவுக்கு இந்துக்கள் அணியின் தலைமை கடைசிவரை கிடைக்கவில்லை. 1920-ல் தம்பிகள் ஆட மறுத்து வெளியேறிப் போராடிய பிறகுதான் இறங்கிவந்தார்கள். 1923-ல் தம்பி விட்டல் தலைவரானார். பந்து வீச நம்ம கை வேண்டும், அணியை நடத்த நம்ம மூளை வேண்டாம். அங்கே நிறம், இங்கே சாதி.

சரி, இவ்வளவு சொன்னதால் அந்தப் பள்ளி சொர்க்கம் என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். மூன்று சங்கடங்கள் இருக்கு.

முதல் சங்கடம், யார் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பது. நியூயார்க் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினமும் இலத்தீன் வம்சாவளியும். அதே நகரத்தில் ஸ்டைவசன்ட் என்று ஒரு அரசுப் பள்ளி, ஒரே ஒரு நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள், பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அது வாசல். 2019-ல் அங்கே இடம் கிடைத்த 895 பேரில் கறுப்புப் பிள்ளைகள் 7 பேர். தகுதி, திறமை என்று நாம் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே பாட்டு. ஆக, ஒரு பக்கம் வாசலை இறுக்கிவிட்டு, இன்னொரு பக்கம் தொழில் பள்ளி திறந்தால், அது பரிசா, ஆறுதலா? பணக்கார வெள்ளைக்காரன் தன் பிள்ளையை இந்த விளையாட்டு வணிகப் பள்ளிக்கு அனுப்புவானா என்று கேட்டுப்பாருங்க. அவன் பிள்ளை கணக்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே படித்துவிடுகிறது.

இரண்டாவது, பள்ளி எதன் மேல் நிற்கிறது என்பது. 49-ஆம் தெருக் கட்டடம் அச்சுத் தொழில் கற்றுத்தந்த ஒரு பெரிய பள்ளிக்காகக் கட்டப்பட்டது. 2002 முதல் 2013 வரை மேயராக இருந்த மைக்கேல் ப்ளூம்பெர்க் காலத்தில் பெரிய பள்ளிகளை மூடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் வைத்துச் சின்னச் சின்னப் பள்ளிகளாகத் திறந்தார்கள். அச்சுப் பள்ளியும் அப்படித்தான் படிப்படியாக மூடப்பட்டது. ஒரு தலைமுறைக்கு அச்சு சோறு போட்டது, பிறகு அந்தத் தொழிலே மாறிப்போனது. இன்றைக்கு விளையாட்டு வணிகம். நாளைக்கு அதுவும் மாறும். ஒரே ஒரு தொழிலுக்கு மட்டும் பிள்ளையை அளவெடுத்துத் தைத்தால், தொழில் போகும்போது பிள்ளையும் தெருவுக்கு வரும். கணக்கும் சட்டமும் எழுத்தும் எங்கே போனாலும் கூட வரும்.

மூன்றாவதுதான் பெரிய சங்கடம். கணக்குத் தெரிந்தால் மட்டும் கதவு திறந்துவிடுமா? ரிச் பால் என்று ஒரு கறுப்பு இளைஞர். கல்லூரிப் பட்டம் இல்லை. காரின் பின்பெட்டியில் வைத்துப் பழைய ஆட்டச் சட்டைகள் விற்றவர். லெப்ரான் ஜேம்சின் நண்பராகி, 2012-ல் சொந்த நிறுவனம் தொடங்கி, அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர் முகவர்களில் ஒருவரானார். 2019 ஆகஸ்டில் கல்லூரி விளையாட்டுச் சங்கம் திடீரென்று ஒரு விதி கொண்டுவந்தது: லீகுக்குப் போகலாமா என்று முயன்றுபார்க்கும் மாணவருக்கு முகவராக இருக்க வேண்டுமானால் பட்டம் வேண்டும். எல்லோரும் அதை ரிச் பால் விதி என்றே சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கினார்கள். நம்மாள் உள்ளே போனதும் வாசலில் புதுசா ஒரு சீட்டுக் கேட்கிறான், அதைப் புரிந்துகொள்ளுங்கள்.

இதற்கும் முந்தைய சாட்சி அம்பேத்கர். 1913-ல் அதே மன்ஹாட்டன் தீவில், 116-ஆம் தெருவில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பொருளாதாரம் படித்தவர். இந்தியாவில் அன்றைக்கு அவரளவுக்குப் பணக்கணக்குப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? திரும்பிவந்து பம்பாயில் பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். 1918-ல் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். வணிகமும் பொருளாதாரமும் கற்றுக்கொடுக்கிற இடம். அங்கேயே சக ஆசிரியர்கள், பொதுத் தண்ணீர்க் குடத்தை அவர் தொடக் கூடாது என்றார்கள். படிப்பு மட்டும் போதாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் படித்துவிட்டு அமைப்பும் கட்டினார். அமைப்புக் கட்டினார் என்பதற்காகப் படிப்பை விடவும் இல்லை.

ஆகவே தொழிற்கல்வி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நாம் கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, இந்தப் படிப்பு நம்ம உடம்பைப் பழக்குகிறதா, கணக்கையும் ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் நம்ம கையில் தருகிறதா? இரண்டு, இதைப் படித்த பிள்ளை நாளைக்கு மருத்துவம், சட்டம், தத்துவம் எதற்கு வேண்டுமானாலும் போகக் கதவு திறந்திருக்கிறதா? மூன்று, கொண்டுவருகிறவன் தன் பிள்ளையை அதில் சேர்ப்பானா? குலக்கல்வி மூன்றிலும் தோற்றது. நியூயார்க் பள்ளி முதல் கேள்வியில் தேறுகிறது. இரண்டாவதில், மாநிலத் தேர்வும் பொதுப் பாடமும் இருப்பதால் கதவு மூடியில்லை, ஆனால் தள்ளித் திறக்கணும். மூன்றாவதில் தேறாது. என்னைக் கேட்டால், அந்தப் படிப்பை வாங்கிக்கொண்டே ஸ்டைவசன்ட் வாசலையும் தட்டணும் என்பேன். இது கிடைத்ததே என்று அதை விட்டுவிடக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை. கணக்கு என்றால் விளையாட்டுக் கணக்கு மட்டும் இல்லை. நீங்கள் தங்கியிருக்கும் ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரு மாணவருக்கு மாதம் உணவுக்கு எவ்வளவு ஒதுக்கீடு, சாப்பாட்டுத் தட்டுக்கு வருவது எவ்வளவு? உதவித்தொகை எந்தத் தேதியில் வரணும், எந்தத் தேதியில் வருகிறது? துணைத் திட்டத்தில் நம் பேரால் ஒதுக்கிய பணம் எந்தத் துறைக்குப் போனது, செலவாகாமல் திரும்பிய பணம் எவ்வளவு? தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கு. விடுதிக்கு மூன்று பேர் உட்காருங்க. ஒருத்தர் மனு எழுதட்டும், ஒருத்தர் வந்த பதிலைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும், ஒருத்தர் அதை எல்லோருக்கும் புரிகிற தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி விடுதிச் சுவரில் ஒட்டட்டும். அடுத்த பயிலரங்குக்கு வரும்போது அந்தத் தாளோடு வாங்க. அதிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.